ஐப்பசிக்கு முன்பே உப்பு வாங்கி வையுங்கள்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடக்கும்போது உப்புப் பாத்திகளும், ஓலை போர்த்திய உப்புக் குவியல்களும் கண்ணில்படும். இந்தக் கல் உப்பைச் சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்க இறங்குபவர்கள், முதலில் காலண்டரைப் பார்க்க வேண்டும்.

கோடையில்தான் உப்பு நன்றாக விளையும். வரத்து கூடுவதால் அப்போது விலையும் இறங்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் பாத்திகளில் வேலை நின்றுவிடும். மழை விட்டு, பாத்தியைச் சீர்செய்து, மறுபடி உப்பு வார மாசி, பங்குனி ஆகிவிடும். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. இப்படிப்பட்ட ஆண்டில் கையிருப்பு இல்லாதவர், வந்த ஆர்டர்களை ரத்து செய்ய வேண்டியதுதான். அடிக்கடி ரத்து செய்தால் ஆன்லைன் கடைகளில் விற்பனையாளருக்கான மதிப்பெண் சரியும். புதிதாகத் தொடங்கியவர் அதிலிருந்து மீள்வது லேசான காரியமில்லை.

எவ்வளவு வாங்கி வைப்பது? தினம் 10 ஆர்டர், ஆர்டருக்கு 2 கிலோ என்றால் நாளொன்றுக்கு 20 கிலோ. அக்டோபர் தொடங்கி பிப்ரவரி பாதிவரை சுமார் 135 நாள்களுக்கு 2,700 கிலோ. கசிவு, சிதறலுக்கு 10 சதவிகிதம் சேர்த்தால் ஏறக்குறைய 3 டன். அதாவது, 50 கிலோ மூட்டை 60. விற்பனை எப்படிப் போகும் என்று தெரியாத முதல் வருடத்தில் இதில் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இருப்பு குறைந்தால், கடைசி மூட்டையைப் பிரிக்கும் முன்பே ஆன்லைனில் ‘ஸ்டாக் இல்லை’ என்று போட்டுவிட வேண்டும்.

புதிதாக வாரிய உப்பை அவசரப்பட்டு வாங்கக் கூடாது. அதில் கசப்பு நீர் தங்கியிருக்கும். குவியலில் கிடந்து நீர் வடிந்த உப்பே இருப்புக்கு ஏற்றது. காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கசியும்; மெக்னீசியம் மிச்சமிருந்தால் அதற்கு முன்பே கசியும். ஈர உப்பைப் பாக்கெட் போட்டால் நீர் வடிந்து, அச்சிட்ட எடைக்குக் குறையும். பிறகு எடை குறைவு என்ற புகாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்கி, வாராவாரம் தேவைக்கு மட்டும் பாக்கெட் போட்டால் இந்தத் தொல்லை குறையும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. அயோடின் கலக்காத உப்பைச் சமையல் உப்பு என்று விற்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. கால்நடைக்கு, பதப்படுத்த என்று லேபிளில் குறிப்பிட்டு விற்கலாம். சமையலுக்கு என்றால், வாங்குபவர் கைக்குப் போகும்போது 15 பி.பி.எம் அளவுக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும். ஈரத்திலும் வெயிலிலும் அயோடின் குறையும் என்பதால், கலந்த உப்பை மாதக்கணக்கில் இருப்பு வைக்காமல், முதலில் வந்ததை முதலில் அனுப்ப வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் தேவை.

உப்பளத்தில் கிலோ சில ரூபாய்க்குக் கிடைக்கும் சரக்குக்கு, கூரியர் செலவு அதைவிடப் பல மடங்கு. ஒரு கிலோ பாக்கெட்டைத் தனியாக அனுப்பினால் கட்டுப்படியாகாது. 5 கிலோவாகவோ, கருவாடு, பனங்கருப்பட்டியோடு சேர்த்தோ அனுப்பினால் ஓரளவு தாங்கும். கருவாட்டை மட்டும் தனி உறையில் கட்டுங்கள். வாசம் கருப்பட்டியில் ஏறிவிடும்.