இரண்டாவது ஸ்தானம்

திருப்பூரிலிருந்து தாராபுரம் போகிற சாலையும், கோயம்புத்தூரிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குப் போகிற நெடுஞ்சாலையும் ஒன்றையொன்று குறுக்கிடும் அவிநாசிபாளையத்தில், பனியன் கம்பெனி வேன்கள் காலை ஷிப்டுக்கு ஆளேற்றிக்கொண்டு போன பிறகு, டீக்கடை பெஞ்சில் மிஞ்சுகிறவர்களின் பேச்சில் நூல் விலைக்கு அடுத்தபடி இடம்பெறுவது அரசியல்தான். சட்டமன்றத் தேர்தலில் எந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை விழுந்தது என்று அவர்களால் மனப்பாடமாகச் சொல்ல முடியும். ஆனால் ஒரு கட்சி தனக்குள் நடத்திக்கொள்ளும் தேர்தல், அதிலும் தலைமைக்கு அடுத்த ஸ்தானத்துக்கு ஆள் வருகிற விதம், அக்கட்சியின் உறுப்பினர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருப்பவருக்கே பெரும்பாலும் விளங்காத சங்கதியாக இருக்கிறது.

2025 நவம்பரில் அந்த ஸ்தானம் இந்தப் பக்கத்தாரின் வீட்டு வாசலுக்கே வந்தது. பக்கத்துக் காங்கேயம் தொகுதியின் உறுப்பினரும் அப்போது செய்தித்துறை அமைச்சருமாயிருந்த வெள்ளக்கோவில் மு.பெ.சாமிநாதன் தி.மு.க.வின் துணைப் பொதுச்செயலாளர்களுள் ஒருவரானார். ஊர்க்காரர்கள் பட்டாசு வெடித்து மகிழ்வதற்குரிய செய்திதான்; எனினும் அது தேர்தலன்று, நியமனம். தி.மு.க.வில் தலைவர், பொதுச்செயலாளர், பொருளாளர் ஆகியோரைப் பொதுக்குழு தேர்ந்தெடுக்கிறது; துணைப் பொதுச்செயலாளர்களோ தலைமையின் அறிவிப்பால் வருகிறார்கள். 2022 செப்டம்பரில் சுப்புலட்சுமி ஜெகதீசன், முந்தைய ஆண்டு மொடக்குறிச்சியில் 281 வாக்குகளில் தோற்றிருந்த அந்த மூத்த கொங்குப் பெண்மணி, கட்சியை விட்டு விலகியதால் காலியான இடத்துக்குக் கனிமொழி வந்ததும், அக்டோபர் 9-ஆம் தேதி சென்னையில் கூடிய பொதுக்குழுவில் அவ்வாறு அறிவிக்கப்பட்டே.

நியமனத்தைக் குறைவாகப் பேசுவது என் நோக்கமன்று. கிளைக் கழகம் முதல் மேலே வரையில் அக்கட்சி வெளியிடும் நிர்வாகிகள் பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: துணைச் செயலாளர் என்ற பதவிக்கு எதிரே அடைப்புக்குறிக்குள் ‘பொது’ என்று ஒருவர், ‘ஆதிதிராவிடர்’ என்று ஒருவர், ‘மகளிர்’ என்று ஒருவர். வாக்குச்சீட்டை மட்டும் நம்பி விட்டிருந்தால் இந்த மேற்கு மாவட்டங்களின் எத்தனை கிராமங்களில் ஒரு பெண்ணோ, ஒரு தாழ்த்தப்பட்ட குடியினரோ மேடையில் நாற்காலி பெற்றிருப்பார்கள் என்று யோசித்தால், இந்த ஏற்பாட்டின் நியாயம் விளங்கும். ஆனால் பிரதிநிதித்துவம் வேறு, பலப்பரீட்சை வேறு. முன்னதை அறிவிப்பால் தரலாம்; பின்னதை அப்படித் தர முடியாது.

பலப்பரீட்சையாக இந்த இரண்டாவது ஸ்தானத்தை நடத்திக் காட்டிய தமிழர்களை நாம் கடல் கடந்துதான் தேட வேண்டியிருக்கிறது. மலேசிய இந்தியர் காங்கிரஸ், அங்கே ம.இ.கா. என்றே எல்லோரும் சொல்கிறார்கள், தன் தேசியத் துணைத்தலைவர் பதவிக்குப் பேராளர்களின் வாக்கெடுப்பை நடத்திப் பழகிய கட்சி. 1977-இல் அப்பதவிக்குச் சாமிவேலுவும் எஸ்.சுப்பிரமணியமும் போட்டியிட்டார்கள். சாமிவேலு ஜெயித்தது 26 வாக்கு வித்தியாசத்தில். இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1979 அக்டோபரில் தலைவர் மாணிக்கவாசகம் திடீரென்று காலமானார். துணைத்தலைவராயிருந்த சாமிவேலு தலைமைக்கு வந்தார். வந்தவர் 2010 வரையில் அங்கிருந்து நகரவில்லை. எஸ்டேட்டுகளிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் வந்திருந்த பேராளர்களில் பதினான்கு பேர் அன்று மனம் மாறி வாக்களித்திருந்தால், மலேசியத் தமிழரின் முப்பதாண்டு அரசியல் சரித்திரத்தை வேறு பெயரால் எழுதியிருப்பார்கள்.

2009-இல் அதே பதவிக்கு மும்முனைப் போட்டி. பழனிவேல் 629, சோதிநாதன் 547, பழைய சுப்பிரமணியம் 280. தலைவரின் பகிரங்கமான ஆதரவு பழனிவேலுக்கு இருந்தது. அப்படியிருந்தும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் மற்ற இருவருக்கும் போயின. வெற்றி வெற்றிதான், ஆனால் தலைமைக்கு எதிரான மனக்குறை எவ்வளவு என்பது அன்று மாலைக்குள் இலக்கத்தில் தெரிந்துவிட்டது. பழனிவேல் மறு ஆண்டே தலைவரானார். அக்கட்சி அதன்பின் ஒற்றுமையாக வாழ்ந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வழக்கும் பிளவும் அங்கேயும் வந்தன. வாக்குச்சீட்டு சர்வரோக நிவாரணி என்று நான் எண்ணவில்லை.

இத்தகைய போட்டிக்கு உலகப் பிரசித்தி பெற்ற உதாரணம் பிரிட்டிஷ் தொழிற்கட்சியில் 1981 செப்டம்பரில் பிரைட்டன் நகரில் நடந்தது. தொழிற்சங்கங்களுக்கு நூற்றுக்கு நாற்பது, தொகுதிக் கட்சிகளுக்கு முப்பது, பார்லிமெண்ட் உறுப்பினர்களுக்கு முப்பது என்று வாக்கின் எடையைப் பங்கிட்டு வைத்த புதிய விதியின்படி துணைத்தலைவர் தேர்தல் நடந்தபோது, மிதவாதிகளின் அபேட்சகரான டெனிஸ் ஹீலி 50.426 சதவீதமும், இடதுசாரிகளின் நம்பிக்கை நட்சத்திரமான டோனி பென் 49.574 சதவீதமும் பெற்றார்கள். ஒரு சதவீதத்துக்கும் குறைவான இந்த இடைவெளிக்குக் காரணம், இடதுசாரி எம்.பி.க்களிலேயே சிலர் இரண்டாம் சுற்றில் யாருக்கும் வாக்களிக்காமல் ஒதுங்கியதுதான். அப்படி ஒதுங்கியவர்களில் ஒருவரான நீல் கின்னக் இரண்டே ஆண்டுகளில் கட்சித் தலைவரானார். அதே கட்சியில் 2025 அக்டோபரில் லூசி பவல் 87,407 வாக்குகளும் பிரிட்ஜெட் பிலிப்ஸன் 73,536 வாக்குகளும் பெற்ற துணைத்தலைவர் தேர்தலில் வாக்களித்தவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்கூட இல்லை. உரிமை கையிலிருந்தும் உறுப்பினர் தூங்குவது நம் ஊருக்கு மட்டும் உரிய வியாதி அன்று.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். அ.தி.மு.க.வில் இந்த இரண்டாவது ஸ்தானம் பட்ட பாடு தனிச் சரித்திரம். 2017 பிப்ரவரி 15-ஆம் தேதி, பெங்களூருச் சிறைக்குப் புறப்பட்ட நாளில், சசிகலா டி.டி.வி.தினகரனைத் துணைப் பொதுச்செயலாளராக நியமித்தார். செப்டம்பரில் கூடிய பொதுக்குழு அந்த நியமனத்தைச் செல்லாதென்றது. பிறகு ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று இரண்டு பதவிகள் தோன்றின. 2021 டிசம்பரில், அவ்விரண்டுக்கும் சேர்த்து உறுப்பினர் ஒரே வாக்கை அளிக்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. அதாவது முதலாமவர் வேண்டும், அடுத்தவர் வேண்டாம் என்று சொல்வதற்கே இடமில்லாத ஒரு வாக்கு. அந்த வாக்கையும் அளிக்க அவசியம் நேரவில்லை. சில தினங்களுக்குள் ஓ.பன்னீர்செல்வமும் எடப்பாடி பழனிசாமியும் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. ஏழு மாதத்தில், 2022 ஜூலை 11 அன்று வானகரத்தில் கூடிய பொதுக்குழுவில், இரு பதவிகளும் மறைந்தன. பழனிசாமி தரப்பு பன்னீர்செல்வத்தைக் கட்சியிலிருந்தே நீக்கியது. உள்ளே எண்ணாமல் விட்ட வாக்குகளை எண்ணும் வேலை பிறகு நீதிமன்றங்களின் தலையில் விழுந்தது.

போட்டி வந்தால் கட்சி உடையும் என்பது நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். 1954-இல் சென்னை மாநிலக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியின் தலைமைக்குக் காமராஜரும், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி.சுப்பிரமணியமும் போட்டியிட்டு, 93-க்கு 41 என்று காமராஜர் ஜெயித்தபோது, தோற்ற சுப்பிரமணியத்தையும் அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் மந்திரிசபையில் அவர் சேர்த்துக்கொண்டார். கட்சி உடையவில்லை, மாறாக, தமிழ்நாடு கண்ட திறமையான மந்திரிசபைகளில் ஒன்று அமைந்தது. தன் பலம் இன்னதென்று இலக்கமாகத் தெரிந்த தலைவருக்குத்தான் தோற்றவரை அருகில் அமர்த்தும் தைரியம் வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் இதில் அதிகம் உதவாது. 1989-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்ந்த 29ஏ பிரிவின்படி கட்சிகள் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்துகொள்கின்றன. உட்கட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்துங்கள் என்று ஆணையமும் நினைவூட்டுகிறது. ஆனால் விதியை மீறிய கட்சியின் பதிவை அக்காரணத்துக்காக ரத்துச் செய்யும் அதிகாரம் ஆணையத்துக்குப் பொதுவாக இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லிவிட்டது. ஆகவே கேட்க வேண்டியவர் உறுப்பினரே. அவிநாசிபாளையத்திலோ பொங்கலூரிலோ காங்கேயத்திலோ எக்கட்சியின் அட்டை வைத்திருப்பவராயினும், அடுத்த அமைப்புத் தேர்தல் வரும்போது தம் கிளையின் உறுப்பினர் பட்டியலையும், வேட்புமனு வாங்கும் தேதியையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். துணைச் செயலாளர் பதவிக்காவது ஒருவருக்கு இருவராக மனுக் கொடுங்கள். சமரசம் பேச வருகிறவரிடம், முதலில் வாக்கை எண்ணுங்கள், பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள்.