காற்றுக்கு ஒரு பத்திரம், நீருக்கு ஒரு பத்திரம்

சூறாவளி ஒன்றே; ஆனால் காப்புறுதிப் பத்திரத்தின் கண்ணுக்கு அது இரண்டு. ஒன்று காற்று, மற்றையது நீர். இவ்விரண்டுக்கும் இடையே எவ்வளவு பெரிய பள்ளம் உண்டென்பதை, 2005ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆந் திகதி கத்ரீனாச் சூறாவளி தாக்கியபின் ஐக்கிய அமெரிக்காவின் தென்கரை மக்கள் உணர்ந்தனர்.

அந்நாட்டில் வீட்டுக்காரர் வழக்கமாக வாங்கும் காப்புறுதி தீ, களவு, புயற்காற்று முதலியவற்றால் நேரும் நட்டத்தை ஈடுசெய்வது. காற்றுக் கூரையைப் பிய்த்தெறிய, அவ்வழியே மழை புகுந்து தளபாடங்களைக் கெடுத்தால் அதற்கும் பணம் கிடைக்கும். ஆனால், நிலத்தின் மேற் பரந்து வாசற்படி ஏறிவரும் நீருக்கு ஒரு சதமும் கிடையாது. ஆறு பெருகினாலென்ன, கடல் பொங்கினாலென்ன, பத்திரத்தின் மொழியில் அது வெள்ளம், வெள்ளமோ விலக்கப்பட்டது.

இதற்குக் காரணம் உண்டு. பலரிடம் சிறுகச் சிறுகத் திரட்டிய பணத்தைத் துன்புற்ற சிலருக்கு அளிப்பதே காப்புறுதித் தொழிலின் அடிப்படை. தீ ஒரு வீட்டைப் பற்றும். வெள்ளமோ ஊர் முழுவதையும் ஒரே நாளில் மூழ்கடிக்கும். 1927ஆம் ஆண்டின் மிசிசிப்பிப் பெருவெள்ளத்தின்பின் தனியார் கம்பனிகள் வெள்ளக் காப்புறுதியிலிருந்து பெரும்பாலும் விலகின. 1965இல் பெட்சிச் சூறாவளி விளைத்த அழிவைக் கண்ட அரசாங்கம், 1968இல் சட்டமியற்றித் தானே அப்பொறுப்பை ஏற்றது.

அரசாங்கத் திட்டமும் பள்ளத்தை முழுதாக நிரப்பவில்லை. குடும்ப வீட்டின் கட்டடத்துக்கு 250,000 டொலரும் உள்ளிருக்கும் பொருள்களுக்கு 100,000 டொலருமே உச்ச எல்லை. பொருள்களுக்கெனத் தனியாகப் பணம் கட்டாதவருக்குக் கட்டடத்துக்கான ஈடு மாத்திரமே கிடைக்கும். வீடு திருத்தப்படும்வரை வேறிடத்தில் தங்கும் செலவு எவருக்கும் இல்லை. மேலும், பத்திரம் வாங்கியபின் பொதுவாக 30 நாள் கழிந்தே அது பயன் தரும். வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்னும் பழமொழி இங்கே சட்டமாகவே அமைந்துள்ளது.

இரு பத்திரங்களும் உடையவர்க்கும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. கத்ரீனாவின்பின் மிசிசிப்பி மாநிலக் கரையோரத்தில் பல வீடுகள் நின்ற இடத்திற் சீமெந்துத் தளம் மாத்திரமே எஞ்சியது. முன்னே அழித்தது காற்றா, கடலா? சாட்சி சொல்ல ஒரு சுவருமில்லை. காற்றும் வெள்ளமும் கூடி விளைத்த நட்டத்துக்குப் பொறுப்பில்லை என்னும் வாசகமும் பல பத்திரங்களில் இருந்தது. நியூ ஓர்லியன்ஸ் நகரிலோ காவலணைகள் உடைந்து, ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கு நீருள் மூழ்கிற்று. அணை உடைந்தது மனிதர் பிழை. அதனை வெள்ளமெனல் தகாது என வீட்டுக்காரர் வாதாடினர். வந்தது வெள்ளமே என 2007இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது.

காற்றினால் வந்த நட்டத்திலும் ஒரு பங்கு வீட்டுக்காரர் தலையிலேயே விழலாம். சூறாவளிக்கெனக் கழிவு நூற்றுக்கு 5 என்றிருந்தால், 200,000 டொலருக்குக் காப்புறுதி செய்த வீட்டில் முதல் 10,000 டொலர் அவருடைய சுமை.

ஆகவே, பத்திரம் வாங்குபவர் எவ்வளவு பணம் கிடைக்கும் என்று மாத்திரம் கேட்டல் போதாது. எக்காரணத்தால் வரும் நட்டத்துக்குக் கிடைக்கும், எக்காரணத்தால் வருவதற்குக் கிடையாது என்பதை வானம் தெளிந்திருக்கும் நாளிலேயே வாசித்தறிதல் வேண்டும்.