பிரேக் சத்தம்: அடக்குவதற்கு முன் கொஞ்சம் கேட்போம்

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மச்சான் தன் பைக்கை வாட்டர் வாஷுக்கு விட்டிருந்தார். ரெண்டு மாசமாகவே முன் பிரேக் பிடித்தால் "கிறீச்" என்று ஒரு சத்தம். தெருவே திரும்பிப் பார்க்கும். சாயங்காலம் வண்டியை எடுத்துட்டு வந்தவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "மாப்ள, சத்தம் சுத்தமா போயிடுச்சு. வாஷ் பண்ணதுலயே சரியாயிடுச்சு பாரேன்."

பூஜை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மறுநாள் காலையில் ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குக் கிளம்பினார். திருவரங்குளம் நெருங்கும்போது ஆடுகள் ரோட்டைக் கடந்திருக்கின்றன. முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போகிறது. பின் பிரேக்கை மிதித்து, ரோட்டோரச் செம்மண்ணில் இறக்கி விழுந்ததில் முழங்கால் தோல் போனதோடு தப்பித்தார்.

நடந்தது இதுதான். வாஷ் முடிந்ததும் வண்டி பளபளப்பாகத் தெரிய டீசல் அடித்துத் துடைக்கும் பழக்கம் நம்ம ஊரில் உண்டு. அந்த டீசல் டிஸ்க்கில் பட்டு, பேடுக்குள் ஊறிவிட்டது. சத்தம் போனது, கூடவே பிடியும் போனது. பிரேக்கின் பிடி பாதியானால் வண்டி நிற்கும் தூரம் இரட்டிப்பாகும். 40 கி.மீ. வேகத்தில் சுமார் 15 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 30 மீட்டர் எடுத்துக்கொள்ளும். ஆடு அதுவரை காத்திருக்காது.

அதற்குப் பிறகு படித்ததையும், ரெண்டு மூணு பட்டறைகளில் உட்கார்ந்து பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு தீர்ந்தது என்று அர்த்தமில்லை. எந்தச் சத்தம், எப்போது, எங்கிருந்து என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

சத்தம் எப்படி வருகிறது?

மர நாற்காலியைத் தரையில் இழுத்தால் கிறீச்சிடும். கால் தரையில் ஒட்டுகிறது, விடுபட்டு வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. இதே ஒட்டல் வழுக்கல் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நடந்தால் டிஸ்க்கே மணி மாதிரி அதிரும். அதுதான் நம் காதில் விழும் கிறீச். வயலின் வில்லும் தந்தியும் பேசுவது இதே முறையில்தான்.

டிஸ்க் பிரேக் எவ்வளவு பழசோ, இந்தச் சத்தமும் அவ்வளவு பழசு. 1902இல் இங்கிலாந்தில் லான்செஸ்டர் காப்புரிமை வாங்கிய டிஸ்க் பிரேக்கில் செம்புப் பட்டைகள் இருந்தன, அவை போட்ட கூச்சல் பெரிய தலைவலியாக இருந்தது. பிறகு ஃப்ரூட் என்பவர் கல்நார் கலந்த பட்டையைக் கொண்டுவந்து அதைக் குறைத்தார். அதாவது, உரசும் பொருளை மாற்றினார்கள், எண்ணெய் விடவில்லை. (கல்நார் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பது பின்னால் தெரிந்தது. பழைய டிரம் பிரேக்கைத் திறந்தால் ஏர் அடித்துத் தூசியைப் பறக்க விடாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.)

முதலில், பிரேக்தானா?

ஆளில்லாத ரோட்டில் 20 கி.மீ. வேகத்தில் போய், கிளட்சைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தானாக உருள விடுங்கள். ஸ்கூட்டர் என்றால் ஆக்சிலேட்டரை விட்டால் போதும். இஞ்சின் வேகம் குறைந்ததும் சத்தமும் மாறினால் அது இஞ்சின் பக்கம். சக்கரத்தோடு சேர்ந்து குறைந்தால் பிரேக், பேரிங், செயின் இவற்றில் ஒன்று. பிறகு முன் பிரேக்கை மட்டும், அடுத்து பின் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு இணைந்த பிரேக், அதாவது சிபிஎஸ், கட்டாயம். (இதற்குப் பதிலாக ஏபிஎஸ்ஸும் இருக்கலாம்.) சிபிஎஸ் வண்டியில் பின் பிரேக்கை மிதித்தாலும் முன் பிரேக் கொஞ்சம் பிடிக்கும். அதனால் காதை மட்டும் நம்பாமல், சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்ப்பது நல்லது. ஏபிஎஸ் உள்ள வண்டியில் சடாரென்று பிடிக்கும்போது லிவரில் "கடகட" என்று அதிர்ந்தால் பயப்பட வேண்டாம், அது தன் வேலையைச் செய்கிறது.

சத்தத்தின் வகைகள்

*கிறீச்.* காலையில் முதல் நாலைந்து பிரேக்கில் மட்டும் வந்து போனால், ராத்திரிப் பனியிலோ மழையிலோ டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு. தானாகத் தேய்ந்துவிடும். புது பேடு போட்ட முதல் சில நாட்களிலும் வரலாம். நாள் முழுக்க வந்தால் பேடில் தூசி படிந்திருக்கும், அல்லது சூட்டில் அதன் முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கும். நம்ம மாவட்டத்தில் கிரஷர் லாரி ஓடும் ரோடுகளிலும் செம்மண் பாதைகளிலும் போகிறவர்களுக்கு இது சகஜம். கழற்றிச் சுத்தம் பண்ணி, பேடின் முகத்தை எமரி பேப்பரில் லேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

*கரகர, கர்ர்ர்.* பயப்பட வேண்டியது இதற்குத்தான். பேடு முழுசாகத் தேய்ந்து, அதன் பின்னால் உள்ள இரும்புத் தகடு டிஸ்க்கை அறுக்கிறது. டிரம் பிரேக்கில் லைனிங் தீர்ந்து ஷூ உரசுகிறது. "சம்பளம் வந்ததும் மாத்திக்கலாம்" என்று ஓட்டினால் பேடு செலவோடு டிஸ்க் செலவும் சேரும். அதைவிட முக்கியம், பிடி எந்த நேரமும் போகலாம். வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள்.

*சர்ர்... சர்ர்... சர்ர்.* சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தடவை. டயரில் சாக்பீஸால் கோடு போட்டுக் கையால் சுற்றினால், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உரசுவது தெரியும். டிஸ்க் வளைந்திருக்கலாம், டிரம் வட்டம் கெட்டிருக்கலாம். ஓட்டும்போதும் கணக்குப் பார்க்கலாம். சாதாரண பைக் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1.85 மீட்டர், ஆகவே 10 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஒன்றரை சுற்று. சத்தம் அந்தத் தாளத்தில் வந்தால் சந்தேகம் உறுதி.

*டக்.* பிரேக் பிடித்ததும் ஒரே ஒரு தடவை. பேடு தன் இடத்தில் ஆடுகிறது, அல்லது ஹேண்டில் கோன் செட் லூஸ். நின்றபடியே முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் எங்கே தட்டுகிறது என்று கைக்கே தெரியும். பின் டிரம்மில் இந்தச் சத்தம் வந்தால், பிரேக் பிளேட்டைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் கம்பியின் நட்டை உடனே பாருங்கள். அது கழன்றால் பிளேட்டும் சக்கரத்தோடு சுற்றப் பார்த்து, சக்கரமே பூட்டிக்கொள்ளக்கூடும்.

*பிரேக் பிடிக்காமலே உரசல்.* கேலிப்பர் நகரும் பின் துருப்பிடித்து இறுகியிருக்கும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகள் இதைக் குறிப்பாகக் கவனிக்கணும். கொஞ்ச தூரம் பிரேக்கே தொடாமல் ஓட்டி நிறுத்தி, டிஸ்க்கில் ரெண்டு சொட்டு தண்ணீர் தெளியுங்கள். "சொய்ங்" என்று ஆவியானால் பேடு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள்.

கழற்றாமலே பார்க்கக்கூடியவை

பேடின் நடுவில் ஒரு பள்ளக்கோடு இருக்கும். அது மறையும் நிலைக்கு வந்தால் மாற்ற வேண்டும். கோடு இல்லாத பேடில் உரசும் பொருள் 1 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் தாமதிக்கக் கூடாது. டிஸ்க்கின் குறைந்தபட்ச கனம் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். பல வண்டிகளின் டிரம் பிரேக்கில் வெளியே ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுசாகப் பிடிக்கும்போது அது பக்கத்தில் உள்ள குறியைத் தொட்டால் ஷூ ஆயுள் முடிந்தது.

பட்டறையில்

"பிரேக்ல சத்தம்ணே" என்று மட்டும் சொன்னால், வேலை நெருக்கடியில் அவர் சத்தத்தை நிறுத்தத்தான் பார்ப்பார். முன்னா பின்னா, பிடிச்சாலா பிடிக்காமலா, காலையிலா எப்பவுமா, சுற்றுக்கு ஒண்ணா தொடர்ந்தா என்று நாலு விவரம் சொல்லுங்கள். மாற்றினால் பழைய பேடைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரெண்டு பேடில் ஒன்று மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் கேலிப்பர் நகரவில்லை. அதைச் சரி பண்ணாமல் புது பேடு மட்டும் போட்டால் அதுவும் அதே மாதிரித்தான் தேயும்.

எண்ணெய், கிரீஸ், டீசல், செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே எதுவும் டிஸ்க்கிலோ லைனிங்கிலோ படக்கூடாது. பட்டுவிட்டால் டிஸ்க்கை பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்கலாம். ஊறிப்போன பேடைத் தேய்த்துப் பிரயோஜனமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மச்சானுக்கு அப்படித்தான் புது பேடு போட்டோம். முதல் வாரம் லேசாகக் கிறீச்சிட்டது. "மறுபடியும் கத்துது மாப்ள" என்றார். "கத்தட்டும் மச்சான், பிடிக்குதுல்ல?" என்றேன். இப்போது வாஷுக்கு விடும்போதெல்லாம் பக்கத்திலேயே நின்று, டீசல் அடிக்க விடாமல் பார்த்துக்கொள்கிறார்.