பெயருக்கு விழுந்த வோட்டு: ரேமண்ட் சோவும் எங்கட 42ஆம் வட்டாரமும்

'சோ' என்று சொன்னால் எங்கட அப்பாவுக்கு இன்றைக்கும் துக்ளக் சோதான் ஞாபகத்துக்கு வருவார். மோல்வேர்ன், நீல்சன், மோர்னிங்சைட் பக்கம் வளர்ந்த எங்களுக்கோ அது ரேமண்ட் சோ. தேர்தல் வந்தால் வீட்டு முற்றங்களில் குத்தி வைக்கிற பலகைகளில் தவறாமல் இருந்த பெயர். எந்தக் கட்சி என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் ரொறன்ரோ நகரசபை வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே கிடையாது.

அவருடைய அரசியல் வாழ்க்கையை முழுசாகப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம்தான் சாவி என்று நினைக்கிறேன். அது எங்கட ஆட்களின் கதையையும் தொட்டுப் போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சோ பிறந்தது 1936இல், சோலில். கனடாவுக்கு வந்தது 1967இல். சுரங்கத்தில் வேலை செய்தார், துப்புரவு வேலையும் பார்த்தார். பிறகு சமூகப் பணியாளராகி, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் எடுத்தார். பகலில் வேலை, இரவில் படிப்பு என்கிற இந்தப் பாதை எங்கட வீடுகளுக்குப் புதுசில்லை. 1988இல் என்.டி.பி. வேட்பாளராக மத்திய தேர்தலில் நின்று தோற்றார். 1991இல் மெட்ரோ ரொறன்ரோ சபைக்குத் தெரிவானார்.

மெட்ரோ என்றால் என்ன என்று எங்கட வயதுக்காரருக்கே சரியாகத் தெரியாது, பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? 1954இல் யோர்க் கவுண்டியின் தெற்குப் பகுதியைப் பிரித்து உண்டாக்கின மேல்மட்டச் சபை அது. ஸ்காபரோவுக்குத் தனி நகரசபை இருந்தது. அதுக்கு மேலே பொலிஸ், ரி.ரி.சி., பெரிய வீதிகள், அம்புலன்ஸ், சமூக உதவிப் பணம் எல்லாவற்றையும் மெட்ரோ பார்த்தது. எங்கட அம்மா அப்பா வந்து இறங்கின காலத்தில் அவர்கள் ஏறின பஸ்ஸும், சில குடும்பங்களுக்கு முதல் மாதங்களில் வந்த உதவிப் பணமும் அந்தச் சபையின் கையால் வந்தவை. சோ அதில் மோல்வேர்ன் பகுதியின் உறுப்பினர்.

பிறகு மாகாணத்தில் மைக் ஹரிஸின் அரசு வந்தது. ஆறு நகராட்சிகளையும் மெட்ரோவையும் ஒன்றாக்கப் போவதாக அறிவித்தது. 1997 மார்ச்சில் நகராட்சிகள் நடத்தின வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் நாலில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள். அரசு கேட்கவில்லை. 1998 ஜனவரி 1 முதல் ஸ்காபரோ நகரசபை இல்லை, மெட்ரோவும் இல்லை.

புதிய ரொறன்ரோ சபையின் முதல் தவணையில் ஒரு வட்டாரத்துக்கு இரண்டு பேர். ஸ்காபரோ மோல்வேர்ன் வட்டாரத்தின் இருவர் ரேமண்ட் சோவும் பாஸ் பல்கிசூனும். பல்கிசூன் ட்ரினிடாட்டில் பிறந்தவர். ஒரு வட்டாரத்துக் கதிரைகள் இரண்டிலும் குடியேறி வந்த இருவர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். பின்னாளில் இருவருமே குயின்ஸ் பார்க் போனார்கள், அதுவும் ஒரே தொகுதியில் இருந்து, ஒருவர் பின் ஒருவராக!

பல்கிசூனைப் பற்றி ஒரு வார்த்தை, என் தொழிலும் கம்பியூட்டர் என்பதால். நகரசபை 43 மில்லியன் டொலருக்கு அனுமதித்த கம்பியூட்டர் குத்தகை ஒன்று ஏறக்குறைய இரட்டிப்பாகிப் போனது. அந்தக் கணக்கை விடாமல் கிண்டியவர்களில் அவர் முக்கியமானவர். அது பிறகு பொது விசாரணை வரை போனது. 2005 நவம்பரில் ஸ்காபரோ ரூஜ் ரிவர் இடைத்தேர்தலில் லிபரலாக நின்று வென்று மாகாண சட்டமன்றம் போனார். வீதிவிளக்கு, குப்பை என்று தொடங்குகிற ஆட்களுக்குப் பெரிய விஷயம் விளங்காது என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுகிற உதாரணம் இவர்தான்.

சோ நகரசபையிலேயே நின்றார். மெட்ரோவில் இரண்டு, ரொறன்ரோவில் ஆறு, மொத்தம் எட்டு வெற்றி. இடையில் 2004இல் மத்திய தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார். 2014 யூனில் கொன்சவேட்டிவ் வேட்பாளராகப் பழைய சகா பல்கிசூனை எதிர்த்தே நின்று மூன்றாவதாக வந்தார். அந்தத் தேர்தலில் இரண்டாவதாக வந்தவர் என்.டி.பி.யின் நீதன் சாண். அதே வருஷம் ஒக்ரோபரில் 42ஆம் வட்டாரம் சோவைத் திரும்பவும் கவுன்சிலராக்கியது.

என்.டி.பி., சுயேச்சை, கொன்சவேட்டிவ். இத்தனை நிறம் மாறியும் வட்டாரத்தில் ஆள் அசையவில்லை. சந்தர்ப்பவாதம் என்று சிலர் சொல்வார்கள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் வட்டாரத்துச் சனம் கட்சியைத் தெரிந்து வைத்திருக்கவில்லை, ஆளைத் தெரிந்து வைத்திருந்தது. பனி வழிக்கவில்லை, மரம் விழுந்து கிடக்கிறது, பஸ் நிறுத்தத்தில் கூரை இல்லை என்று போன் எடுத்தால் யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருஷம் அந்தப் போனின் மறுமுனையில் இருந்த பெயருக்கு விழுந்த வோட்டு அது.

2016இல் பல்கிசூன் பதவி விலக, செப்டெம்பர் 1 இடைத்தேர்தல். சோவுக்கு 79 வயது. லிபரல் வேட்பாளர் பிரகல் திரு, என்.டி.பி. வேட்பாளர் நீதன் சாண், இருவரும் தமிழர். தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, பாடசாலைப் பாலியல் கல்வித் திட்டத்தை நீக்குவோம் என்று கொன்சவேட்டிவ் தலைவர் பற்றிக் பிரவுனின் பெயரில் தொகுதியில் ஒரு கடிதம் சுற்றியது. வாக்களிப்புக்கு முதலே அவர் அது பிழை என்று பின்வாங்கினார். முடிவில் சோ ஏறத்தாழ 39 சதவீதத்தோடு வென்றார். 1985 முதல் லிபரல் கையில் இருந்த பகுதி மாறியது.

"தமிழ் வோட்டைப் பிரிச்சுப்போட்டு இருந்திட்டினம்" என்று அப்போது கலியாண வீடு, சாமத்தியவீடு எல்லா இடமும் கதைத்தார்கள். இரண்டு தமிழரும் எடுத்ததைக் கூட்டினால் சோவின் வோட்டைவிட அதிகம் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு வேறு கட்சிகளின் வோட்டைக் கூட்டி ஒரு கணக்குப் போடுவது சரியாகப் படவில்லை எனக்கு. அந்த வோட்டெல்லாம் தமிழரின் வோட்டும் இல்லை, தமிழரின் வோட்டெல்லாம் அந்த இருவருக்கும் போகவும் இல்லை. எங்கட வீட்டிலேயே சோவுக்குப் போட்ட ஆள் உண்டு.

சோ போனதும் 42ஆம் வட்டாரம் காலி. 2017 பெப்ரவரி இடைத்தேர்தலில் கிட்டத்தட்ட முப்பது பேர் நின்றார்கள். வென்றவர் நீதன் சாண், ரொறன்ரோ நகரசபையின் முதல் தமிழ் உறுப்பினர். பதினாறு வயதில் இலங்கையில் இருந்து வந்தவர். 2006இலேயே யோர்க் பிராந்தியக் கல்விச்சபைக்கும், பிறகு ரொறன்ரோ கல்விச்சபைக்கும் தெரிவானவர். கீழ்ப்படியில் இருந்து ஏறி, சோவின் அதே கதிரையில் வந்து இருந்தார்.

அந்தக் கதிரை இரண்டு வருஷம்கூட நிலைக்கவில்லை. 2018 யூனில் கொன்சவேட்டிவ்கள் மாகாண ஆட்சியைப் பிடித்தார்கள். ஸ்காபரோ நோர்த்தில் வென்ற சோ முதியோர், அணுகல்வசதி அமைச்சரானார். யூலை 27, நகரசபைத் தேர்தலுக்கு வேட்புமனுக் கொடுக்கக் கடைசி நாள். அன்றைக்கு முதல்வர் டக் ஃபோர்ட், 47 வட்டாரங்களை 25 ஆகக் குறைக்கப் போவதாக அறிவித்தார். ஸ்காபரோவின் பத்து வட்டாரம் ஆறானது. சோ இருபத்தைந்து வருஷம் இருந்த சபையைப் பாதியாக்கிய அரசில் சோவே அமைச்சர். கீழ் நீதிமன்றம் தடுத்தது, மேல் நீதிமன்றம் தடையை நீக்கியது, கடைசியில் 2021இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று மாகாணத்தின் பக்கம் நின்றது. காரணம் எளிது: கனடாவின் அரசியலமைப்பில் நகரங்கள் மாகாணத்தின் கையில். 1954இல் மெட்ரோவை உண்டாக்கினதும் அதுதான், 1998இல் கலைத்ததும் அதுதான்.

42ஆம் வட்டாரம் புதிய 23க்கும் 25க்கும் இடையில் பங்குபோனது. சாண் 25இல் நின்று ஜெனிபர் மெக்கெல்வியிடம் 154 வோட்டால் தோற்றார். எங்கட பக்கத்து உயர்மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டு தளத்துச் சனம் வாக்களித்திருந்தாலே முடிவு மாறியிருக்கும். பிறகு சாண் கல்விச்சபைக்குத் திரும்பி, அதன் தலைவரும் ஆனார். 2025 யூனில் மாகாணக் கல்வி அமைச்சு ரொறன்ரோ கல்விச்சபையை ஒரு மேற்பார்வையாளரின் கையில் கொடுத்துவிட்டது. தெரிவானவர்களுக்குப் பெயர் இருக்கிறது, அதிகாரம் இல்லை. ஒரே மனுசன் வென்றெடுத்த இரண்டு கதிரைகளையும் மேலே இருந்தவர்கள் இழுத்து எடுத்ததை, அவரது அரசியல் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

ஸ்ரீல்ஸ் அவெனியூவைத் தாண்டினால் இதே ஏணியில் ஏறின எங்கட ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். லோகன் கணபதி 2006 முதல் பன்னிரண்டு வருஷம் மார்க்கம் நகரசபை, 2018 முதல் மாகாண சட்டமன்றம். யுவனிதா நாதன் கல்விச்சபை, பிறகு மார்க்கம் நகரசபை, 2025இல் மத்திய நாடாளுமன்றம். மூன்று மட்டமும் அவருக்குக் கைவந்திருக்கிறது.

எங்கட வயதுப் பெற்றோருக்கு மேல்மட்டத் தேர்தல் என்றால் ஒரு பரபரப்பு, வாட்ஸப் குழுவெல்லாம் சூடாகும். கீழே வந்தால் ஆளைக் காணோம். 2022 நகரசபைத் தேர்தலில் ரொறன்ரோவில் வாக்களித்தவர்கள் 30 சதவீதத்தை எட்டவில்லை. கல்விச்சபைக்கு நிற்பவர்களின் பெயரை வாக்குச்சாவடியில்தான் முதல் தடவை பார்க்கிறவர்கள் எங்களில் எத்தனை பேர்? பிள்ளையின் பாடசாலை எல்லை எங்கே போகும், நீச்சல் வகுப்புக்கு இடம் கிடைக்குமா, ஸ்காபரோ ஆர்.ரி. 2023இல் நின்றுபோன பிறகு பஸ் எப்படி ஓடும் என்பதெல்லாம் அந்தப் பெயர்களோடு போகிற விஷயம். சுரங்க ரயில் நீடிப்பை 2019இல் மாகாணம் தன் கைக்கு எடுத்துவிட்டது, ஆகவே அதற்குக் கேள்வி கேட்க வேண்டியது எம்.பி.பி.யிடம். பஸ்ஸுக்குக் கவுன்சிலரிடம். சோ 2025இல் 88 வயதில் திரும்பவும் வென்றிருக்கிறார், அமைச்சரும் அவர்தான். அவரிடமே கேட்கலாம்.

அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் 2026 ஒக்ரோபர் 26. முன்பு ஒரு கவுன்சிலருக்குக் கிட்டத்தட்ட 61,000 பேர் இருந்தார்கள், இப்போது ஒரு வட்டாரத்துக்கு 110,000 பேரளவில். வேட்பாளர் வீட்டுக் கதவைத் தட்டினால் நான் கேட்கப் போகிறது ஒன்றுதான்: இத்தனை பேருக்கும் போன் எடுத்துப் பதில் சொல்ல உங்கட கந்தோரில் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களில் தமிழ் கதைக்கிறவர் யார்?