ஒருநாள் பிடித்து வைத்தால் போதாத தண்ணீர்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஆண்டுதோறும் வசந்தகாலம் நெருங்கும்போது குடிநீர் நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிடும். இனிச் சில வாரங்களுக்குக் குழாய்த் தண்ணீரில் குளோரமைன் இருக்காது, வெறும் குளோரின்தான் இருக்கும், மே மாதம் பழையபடி குளோரமைனுக்குத் திரும்பிவிடுவோம் என்பது செய்தி. குடிக்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம். குளோரின் வாடை கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு தரப்பினரிடம் மட்டும் அந்த அறிவிப்பு தனியாகப் பேசுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஒரு தரப்பு. வீட்டில் மீன் வளர்ப்பவர்கள் இன்னொரு தரப்பு.

நாம் குடிக்கும் தண்ணீரில் உள்ள குளோரமைன் செரிமானத்தின்போதே சிதைந்துவிடுகிறது. ரத்தம்வரை அது போவதில்லை. டயாலிசிஸ் இயந்திரத்திலோ மெல்லிய சவ்வுக்கு ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் தண்ணீர். மீனின் செவுளும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். அதனால்தான் இந்த இரண்டு தரப்பும் ஒரே அறிவிப்பில் இடம்பெறுகின்றன.

வாஷிங்டனுக்குத் தண்ணீர் பொட்டோமாக் ஆற்றிலிருந்து வருகிறது. அதைச் சுத்திகரித்து அனுப்புவது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவு. பக்கத்திலுள்ள ஆர்லிங்டனுக்கும் அதே தண்ணீர்தான். 2000 நவம்பரில் அங்கே குளோரினை விட்டுக் குளோரமைனுக்கு மாறினார்கள். காரணம் பழையது. ஆற்று நீரிலுள்ள இலைதழை மக்கோடு குளோரின் சேரும்போது குளோரோஃபார்ம் முதலான டிரைஹாலோமீத்தேன்கள் உண்டாகின்றன என்று 1974-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இவற்றுக்கு 1979-ல் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்த அமெரிக்க அரசு, 1998-ல் கொண்டுவந்த விதியில் அதை 80 ஆகக் குறைத்தது. குளோரினோடு சிறிதளவு அம்மோனியா சேர்த்தால் குளோரமைன் கிடைக்கும். கிருமியைக் கொல்வதில் அது குளோரினைவிட மந்தம்தான். ஆனால் இந்த வேதிப்பொருள்கள் அதில் குறைவாகவே உண்டாகும். குழாயின் கடைக்கோடி வீடுவரை அது தாக்குப்பிடிக்கவும் செய்யும். குடிநீர்ப் பொறியாளர் விரும்புகிற இந்தத் தாக்குப்பிடிக்கும் குணம்தான் மீன் வளர்ப்பவருக்குத் தொல்லை.

சென்னை கொளத்தூரில் கலர் மீன் வாங்கப் போனவர்களுக்குத் தெரியும். பாலித்தீன் பையில் மீனைப் பிடித்துக் கொடுக்கும்போதே கடைக்காரர் சொல்லிவிடுவார்: “தண்ணிய ஒருநாள் முன்னாடியே பிடிச்சு வெச்சுடுங்க.” குளோரின் நீரில் கரைந்திருக்கும் வாயு. வாயகன்ற பக்கெட்டில் திறந்து வைத்து, ஏர் பம்ப்பின் குழாயை உள்ளே விட்டால் ஒரு நாளில் பெரும்பாலும் போய்விடும். அது அனுபவம் சொல்லித் தந்த சரியான பாடம். குளோரமைன் கலந்த தண்ணீரில் அந்தப் பாடம் செல்லாது. ஒரு நாள் கழித்தும் அது ஏறக்குறைய அப்படியே இருக்கும். முழுதாகப் போக நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். ஊரிலிருந்து ஆர்லிங்டனுக்கோ சிங்கப்பூருக்கோ குடிபோய், அங்கேயும் தொட்டி வைப்பவர் பக்கெட்டை நம்பினால் மீன் பிழைக்காது. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரிலும் குளோரமைன்தான்.

குளோரின் செவுளை நேராகச் சுட்டுப் புண்ணாக்குகிறது. மீன் துள்ளும், கண்ணாடியில் மோதும், செவுள் மூடி படபடவென்று அடிக்கும். குளோரமைன் செவுளைத் தாண்டி ரத்தத்துக்குள்ளேயே போய்விடுகிறது. அங்கே ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வேறொரு வடிவமாக மாற்றுகிறது. ரத்தம் செந்நிறம் இழந்து பழுப்பாகிறது. மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளந்து காற்றுக்குத் தவிக்கும். நாமும் ஆக்சிஜன் போதவில்லை என்று நினைத்து ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வைப்போம். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும், அதை எடுத்துப் போக ரத்தத்துக்குத்தான் வலு இருக்காது. மீனுக்கு நேர்கிற சாவுகளில் இதைவிடக் கொடியதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தண்ணீரை ஊற்றியவரும் எது கொன்றது என்று தெரியாமல் நிற்பார்.

சரி, கடையில் விற்கும் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து போதுமா? அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். ஃபிலிம் காலத்தில் போட்டோ கழுவும் இருட்டறைகளில் ஹைப்போ என்று புழங்கிய அதே உப்பு. குளோரினை நொடிகளில் முறித்துவிடும். குளோரமைனிலும் குளோரின் பங்கை முறிக்கும், ஆனால் கூடவே இருந்த அம்மோனியா விடுபட்டுத் தண்ணீரில் நின்றுவிடும். லிட்டருக்கு மூன்றரை மில்லிகிராம் குளோரமைன் உள்ள தண்ணீர் என்றால் அதிலிருந்து சுமார் 0.7 மில்லிகிராம் அம்மோனியா வெளிவரும். நூறு லிட்டர் தொட்டியில் கால்வாசித் தண்ணீர் மாற்றினால் தொட்டி முழுக்கச் சேர்வது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குள்தான். பல மாதம் ஓடிப் பழகிய ஃபில்டர் இதைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். புதுத் தொட்டியில், அதுவும் முக்கால்வாசித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றினால்தான் ஆபத்து. pH 7 உள்ள நீரில் அந்த அம்மோனியாவில் இருநூறில் ஒரு பங்குதான் விஷ வடிவில் இருக்கும். pH 8 ஆனால் இருபதில் ஒரு பங்கு. pH கூடிய கடின நீர் உள்ள ஊர்க்காரர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. குளோரமைன் ஊர்களில் அம்மோனியாவையும் சேர்த்துப் பிடித்துவைக்கும் கண்டிஷனர்தான் வாங்க வேண்டும். புட்டியின் முகப்பில் உள்ள படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் குளோரமைன், அம்மோனியா என்ற இரண்டு பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்படியானால் வாஷிங்டனில் ஆண்டுக்கொரு முறை ஏன் குளோரினுக்குத் திரும்புகிறார்கள்? குளோரமைனிலுள்ள அம்மோனியாவைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் பூமிக்கடியில் ஓடும் குழாய்களின் உட்சுவரில் படலமாகக் குடியேறிவிடுகின்றன. அவை பெருகினால் கிருமிநாசினி கரையும், தண்ணீர் கெடும். சில வாரம் வெறும் குளோரினை ஓடவிட்டு அவற்றை அழிக்கிறார்கள். மீன் வளர்ப்பவருக்கு இந்த பாக்டீரியாக்கள் அந்நியமல்ல. ஸ்பாஞ்ச் ஃபில்டரில் வாரக்கணக்கில் காத்திருந்து நாம் வளர்க்கிற அதே கூட்டம்தான். குழாயில் இருந்தால் பகை, ஃபில்டரில் இருந்தால் உயிர்நாடி. குளோரின் நீக்காத குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சை அலசாதீர்கள் என்று அனுபவசாலிகள் தலைப்பாடாக அடித்துக்கொள்வது இதனால்தான். ஊர்க்குழாயைச் சுத்தம் செய்ய அனுப்பிய குளோரின் நம் ஃபில்டரையும் சுத்தமாக்கிவிடும்.

இந்த வசந்தகால மாற்றத்தில் எனக்குக் கவலை தருவது ஏப்ரல் மாதம் அல்ல, மே மாதம்தான். ஏப்ரலில் முதல்முறை தொட்டி வைக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பக்கெட்டில் பிடித்து வைக்கிறார், மறுநாள் ஊற்றுகிறார், மீன் நன்றாக இருக்கிறது. நாலைந்து முறை இப்படியே. பழக்கம் உறுதிப்பட்டுவிடுகிறது. மே மாதம் குளோரமைன் திரும்பி வருகிறது, பக்கெட் அதேதான், மீன் செத்து மிதக்கிறது. அவர் தண்ணீரைச் சோதித்தாலும் தப்பான பதில் கிடைக்கலாம். சாதாரண டெஸ்ட் பட்டைகளில் சில கலப்பற்ற குளோரினை மட்டுமே காட்டும், குளோரமைனைக் காட்டாது. மொத்தக் குளோரின் அளவைக் காட்டும் சோதனைதான் தேவை.

வாஷிங்டன் கதையில் இதைவிடப் பெரிய வலி ஒன்று இருக்கிறது. குளோரமைனுக்கு மாறினால் மீனுக்கு என்ன ஆகும் என்பது 2000-த்தில் குடிநீர்த் துறைகளுக்குத் தெரிந்த பாடம். ஈயக் குழாய்க்கு என்ன ஆகும் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பழைய வீடுகளின் ஈயக் குழாய்க்குள் குளோரின் பல்லாண்டு காலமாக ஒரு கெட்டியான படலத்தைக் கட்டி வைத்திருந்தது. குளோரமைன் வந்ததும் அந்தப் படலம் கரைந்தது, ஈயம் தண்ணீரில் இறங்கியது. ஈயத்துக்கு அப்போதைய வரம்பு பில்லியனுக்கு 15 பங்கு. சோதித்த ஆறாயிரத்துச் சொச்சம் வீடுகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் அதைத் தாண்டியிருந்தது. 2004 ஜனவரி கடைசியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ முதல் பக்கத்தில் எழுதிய பிறகுதான் ஊர் விழித்தது. கைக்குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீரில்தான் பால் கலக்கியிருந்தார்கள். அந்த வசந்தத்தில் குளோரினுக்குத் திரும்பிய வாரங்களில் ஈய அளவு இறங்கியது. காரணம் எது என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

அதே ஆண்டு ஈயத்தைக் கட்டுப்படுத்தத் தண்ணீரில் ஆர்த்தோபாஸ்பேட் சேர்க்கத் தொடங்கினார்கள். குழாய்க்குள் புதுப் படலம் கட்டுவதற்காக. குழந்தைகளுக்கு அது பாதுகாப்பு, அதில் மறுபேச்சே இல்லை. மீன்தொட்டியில் பாஸ்பேட் பாசிக்கு உரம். தொட்டிக்குள் செடி வளர்ப்பவர்கள் அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு உரத்தைக் குறைக்கலாம். மற்றவர்கள் கண்ணாடியைக் கூடுதலாகத் தேய்க்க வேண்டியதுதான்.

நம் ஊரில் நகராட்சிகளும் ஊராட்சிகளும் குளோரின் வாயுவையும் பிளீச்சிங் பவுடரையுமே நம்பியிருக்கின்றன. இந்தியத் தரநிலைப்படி குழாய்த் தண்ணீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும், நோய்த்தொற்று அச்சம் உள்ளபோது 0.5. மழைக்காலத்திலும் வயிற்றுப்போக்கு பரவும்போதும் அளவைக் கூட்டுவார்கள், கூட்டத்தான் வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிய அன்று குழாயில் வரும் அளவு இந்த எண்களைவிட எங்கேயோ இருக்கும். மீனுக்கோ லிட்டருக்கு நூறில் சில பங்கு மில்லிகிராமே கேடு. மீன் வளர்ப்பவருக்கென்று இங்கே ஓர் அறிவிப்பு வந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் வரியை நினைவூட்டக் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்ப முடிகிறபோது, ‘இந்த வாரம் குளோரின் கூடுதல்’ என்று ஒரு வரியும் அனுப்பலாம். டயாலிசிஸ் மையங்களுக்கும் அது உதவும். அதுவரை நம் கையில் இருப்பது ஊராட்சிப் பணியாளர் வைத்திருக்கும் அதே குளோரோஸ்கோப்தான். சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஆர்த்தோடொலிடின் சில சொட்டு விட்டால் குளோரினுக்கேற்ப மஞ்சள் ஏறும். குளோரமைன் இருந்தாலும் ஏறும், கொஞ்சம் தாமதமாக. நிறம் எழும்பினால் அன்றைக்குத் தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டாம்.