பெல்லந்தூர் நுரையும் பாகூர் வாய்க்காலும்

பண்டசோழநல்லூரிலிருந்து ஒரு சுட்டி கேட்டிருக்கிறாள்: "மாமா, பெங்களூரில் ஓர் ஏரி தீப்பிடித்து எரிந்ததாமே? தண்ணீர் எப்படி மாமா எரியும்?"

சபாஷ், கண்ணு! நெருப்பை அணைக்கிற தண்ணீரே எரிந்தது என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஆனால் எல்லாரும் கேட்டுவிடுவதில்லை. நீ கேட்டாய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் எரியாது. ஏரியின் மேலே மிதந்தவையும் கரையில் காய்ந்து கிடந்தவையும்தான் எரிந்தன. அவை அங்கே எப்படி வந்தன என்று தெரிய வேண்டுமானால், ஒரு நடை பெங்களூருக்குப் போய்வர வேண்டும். கிளம்புவோமா? டிக்கெட் என் செலவு.

விழுப்புரம் போய் பஸ் பிடிப்போம். ஜன்னல் ஓரம் உனக்கு. திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் தாண்ட வேண்டும். கிருஷ்ணகிரி தாண்டியதும் காற்றைக் கவனி. மெல்லக் குளிர ஆரம்பிக்கும்.

ஏன் குளிர்கிறது? நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12 டிகிரியில் இருக்கிறது. பெங்களூர் 13 டிகிரி. இரண்டுமே வெப்பமண்டலம்தான். ஆனால் நம் ஊர் கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளி. பெங்களூரோ சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கிலோமீட்டர் மேலே ஏறினால் வெப்பம் ஆறு டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறையும். 900 மீட்டருக்கு எவ்வளவு குறையும்? மனக்கணக்காகவே போட்டுவிடுவாய்.

அந்த 900 மீட்டரை மறந்துவிடாதே. பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

பெங்களூருக்குள் பெரிய ஆறு எதுவும் ஓடவில்லை. 1537இல் கெம்பே கவுடா அந்த நகரத்தை அமைத்தார். அவரும் பின்னால் வந்தவர்களும் மழைநீரைப் பிடித்துவைக்க ஏரி ஏரியாக வெட்டினார்கள். ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ளதற்கு. இதை உனக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் என்று ஒரு கணக்கு உண்டு. அவற்றிலும் பல இப்படித்தான் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன.

பெங்களூரில் அப்படிக் கீழே இருக்கிற பெரிய ஏரிதான் பெல்லந்தூர் ஏரி. பரப்பு சுமார் 900 ஏக்கர். நகரத்திலேயே பெரியது.

அப்புறம் தொழிற்சாலைகள் வந்தன. 1940இல் விமானத் தொழிற்சாலை. 1948இல் தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஐ.டி.ஐ. 1953இல் எச்.எம்.டி. உன் தாத்தா கையில் அந்தக் கம்பெனிக் கடிகாரம் இருந்திருக்கலாம், கேட்டுப் பார். கடைசியாக கம்ப்யூட்டர் கம்பெனிகள். வேலை தேடி லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள். ஏரித் தண்ணீர் போதவில்லை. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி ஓடும் காவிரியிலிருந்து பம்பு வைத்து மேட்டுக்கு ஏற்றினார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ என்று இத்தனை தண்ணீர் நகரத்துக்குள் வருகிறது. வந்த தண்ணீர் எங்கே போகும்?

சரியாகச் சொன்னாய். பள்ளத்துக்குத்தான் போகும். மழைநீருக்காக வெட்டிய கால்வாய்களிலேயே சாக்கடையும் சேர்ந்து இறங்கியது. பெங்களூர்க் கழிவுநீரில் ஏறக்குறைய 40 சதவீதம் பெல்லந்தூர் ஏரிக்கு வந்தது என்கிறார்கள். அதில் பெரும்பகுதி சுத்திகரிக்கப்படாமலே வந்து விழுந்தது.

இப்போது ஏரிக்கரைக்கு வந்துவிட்டோம். 2015இல் பத்திரிகைகளில் வந்த படங்களைப் பார்த்தால் நம்பவே மாட்டாய். ஏரியிலிருந்து வெளியேறும் கால்வாய் முழுக்க வெள்ளை வெளேரென்று நுரை. ஆள் உயரத்துக்கு எழும்பி, காற்றடித்தால் பிய்த்துக்கொண்டு ரோட்டில் போகிறவர்கள் மேல் விழுந்தது. ஸ்கூட்டரில் போன சிலர் ஹெல்மெட்டோடு குடையும் பிடித்துக்கொண்டு போனார்கள்!

தண்ணீர் மட்டும் இருந்தால் இப்படி நுரைக்காது. நம்பிக்கை இல்லையா? வீட்டிலேயே செய்து பார். இரண்டு பாட்டில்களில் பாதி பாதி குழாய்த் தண்ணீர் எடுத்துக்கொள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போடு. இரண்டையும் மூடிக் குலுக்கு. வெறும் தண்ணீரிலும் குமிழி வரும், ஆனால் கண் மூடித் திறப்பதற்குள் உடைந்துவிடும். சோப்புத் தண்ணீரில் அப்படியே நிற்கும். எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவை.

ஏன் நிற்கிறது? சோப்புத்தூளில் அழுக்கை எடுக்கும் வேதிப்பொருள் ஒன்று இருக்கிறது. அதன் மூலக்கூறு பார்ப்பதற்கு வால் கட்டிய பட்டம் மாதிரி. ஒரு பக்கம் தலை, மறுபக்கம் நீள வால். தலைக்குத் தண்ணீர் என்றால் உயிர். வாலுக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது; எண்ணெய்ப் பிசுக்கையோ காற்றையோ பார்த்து ஓடும். குமிழியின் சுவர் என்பது மிக மெல்லிய தண்ணீர்ப் படலம். அதன் உள்பக்கமும் வெளிப்பக்கமும் இந்தப் பட்டங்கள் வரிசையாக வந்து நின்றுகொள்கின்றன. தலை தண்ணீருக்குள், வால் காற்றில். தண்ணீர்ப் படலம் சுருங்கி உடையப் பார்க்கும் அல்லவா? பாடப் புத்தகத்தில் பரப்பு இழுவிசை என்று படித்திருப்பாய். அந்த இழுப்பை இவை குறைத்துவிடுகின்றன. குமிழி உடையாமல் தாக்குப்பிடிக்கிறது.

புரிந்ததா? புரியாவிட்டால் இன்னொரு தடவை மெதுவாகப் படி. ஒரு பட்டம் வரைந்து பக்கத்தில் 'தலை: தண்ணீர், வால்: காற்று' என்று எழுதிக்கொண்டால் சட்டென்று பிடிபடும்.

அப்படியானால் வருஷம் முழுக்க நுரைக்க வேண்டியதுதானே? மழை பெய்ததும் ஏன் அதிகமாகிறது? மழை பெய்தால் சோப்பு கரைந்து நீர்த்துப்போக வேண்டாமா?

இதே சந்தேகம் பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆராய்ச்சியாளர்களுக்கும் வந்தது. தண்ணீரையும் நுரையையும் அடிச் சேற்றையும் எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். ஏரிக்குள் வருகிற சாக்கடை மறுமுனைக்குப் போய்ச்சேர 10 முதல் 15 நாள் ஆகிறது. அதற்குள் சாக்கடையில் உள்ள பல பொருள்கள் மட்கிவிடுகின்றன. சோப்பு வேதிப்பொருள் அப்படி மட்குவதில்லை. சேற்றில் ஒட்டிக்கொண்டு அடியில் படிகிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, முதலில் இருந்த செறிவைப்போல் 200 மடங்கு வரைகூட ஏறிவிடுகிறதாம். பலத்த மழை வந்ததும் வெள்ளம் அந்தச் சேற்றைக் கலக்கி மேலே கிளப்புகிறது. ஏரி நிரம்பி, கலங்கலில் சுமார் 25 அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது. விழும்போது காற்றை வாரிச் சுருட்டிக்கொள்கிறது. சோப்பு, காற்று, கலக்கல் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன. அப்புறம் நுரைக்குக் கேட்பானேன்!

25 அடிக்கு என்ன மகிமை என்பதையும் நீயே சோதிக்கலாம். சோப்புத் தண்ணீரை வாளிச் சுவரை ஒட்டி மெல்ல வழியவிட்டுப் பார். பிறகு கையை உயர்த்தி மேலேயிருந்து ஊற்று. வித்தியாசம் தெரியும். அம்மாவின் சோப்புத்தூளைக் கேட்டுவிட்டு எடு, சொல்லிவிட்டேன்.

இனி நெருப்புக்கு வருவோம். அதற்காகத்தானே வந்தோம்!

சாக்கடை சேரச் சேர, அதைத் தின்கிற பாக்டீரியாக்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையெல்லாம் தீர்த்துவிடுகின்றன. மீன்களுக்கு மூச்சு முட்டும். ஆக்சிஜனே இல்லாத அடிச்சேற்றில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். அவை வெளியேற்றும் வாயு மீத்தேன். சாண எரிவாயு அடுப்பு பார்த்திருக்கிறாயா? அதில் எரிவதும் இதே மீத்தேன்தான். மேலே நுரையில் எண்ணெய்ப் பிசுக்கு. கழிவுநீரின் சத்தை உறிஞ்சிக் கொழுத்த ஆகாயத்தாமரையும் கோரையும், கோடையில் காய்ந்து சருகாகி நிற்கும். கரையில் மக்கள் கொட்டிய குப்பை. ஒரு பொறி போதாதா?

2015, 2017, 2018 என்று மீண்டும் மீண்டும் தீ. 2018 ஜனவரியில் தீயணைப்பு வீரர்களோடு பக்கத்து முகாமிலிருந்து ராணுவ வீரர்களும் ஆயிரக்கணக்கில் இறங்கி அணைக்க வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் யார் காரணம் என்றால், 'தொழிற்சாலைகள்' என்று உடனே பதில் வரும். 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஏரியைச் சுற்றியுள்ள ஆலைகளை மூடச் சொன்னது. அவற்றுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முழுப் பழியையும் அவற்றின் தலையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த நுரையில் பெரும்பங்கு வீட்டுத் துணி துவைத்த தண்ணீர். கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் வீட்டுக் குளியலறைத் தண்ணீர்தான் ஏரியை நிரப்பியது. அடுத்த ஆண்டு அதே தீர்ப்பாயம் கர்நாடக அரசை 500 கோடி ரூபாய் ஒதுக்கச் சொன்னது. பிறகு ஏரியில் தூர் வாரும் வேலை தொடங்கியது. இன்னொரு பக்கம், சுத்திகரித்த நீரைக் குழாய் வழியே வறண்ட கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் 2018இல் ஆரம்பமானது.

சரி, அந்த 900 மீட்டரை நினைவில் வைத்திருக்கிறாயா? அவ்வளவு உயர மேட்டிலிருந்து தண்ணீர் பள்ளத்தைத் தேடி இறங்கித்தானே ஆக வேண்டும்? பெல்லந்தூரில் வழிந்த தண்ணீர் எங்கே போகிறது என்று இப்போது பார்க்கலாம். உனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது.

பெல்லந்தூரை அடுத்து வர்த்தூர் ஏரி. அதையும் தாண்டினால் தட்சிணப் பினாகினி என்று ஓர் ஆறு. நந்தி மலைப் பக்கம் பிறந்து வருகிற ஆறு அது. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழைக்காலத்தில் அங்கேயும் மதகு திறந்தால் நுரை பொங்குவதுண்டு. அதற்கப்புறம் கிருஷ்ணகிரி அணை. பிறகு 1958இல் கட்டிய சாத்தனூர் அணை. பிறகு திருக்கோவிலூர். இன்னுமா கண்டுபிடிக்கவில்லை? நம் தென்பெண்ணைதான் கண்ணு அது! சொர்ணாவூர் அணைக்கட்டில் அதன் தண்ணீரைத் திருப்பி, பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருகிறோம். பங்காரி, சிங்காரி என்று அக்கா தங்கை இரண்டு பேரைப் பற்றிப் பாகூர்ப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. உன் பாட்டியிடம் கேள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

இன்னொரு வேடிக்கையையும் பார். காவிரியில் பிறந்த ஒரு சொட்டு, பெங்களூரில் ஒரு வீட்டுக் குழாயில் இறங்கி, துணி துவைத்து, பெண்ணையாற்றுக்குள் வந்து சேர்கிறது. காவிரி மேட்டூருக்குப் போய்க்கொண்டிருக்க, அந்தச் சொட்டு மட்டும் நம் பக்கம் வந்துவிடுகிறது.

'அப்படியானால் நுரை நம் ஏரிக்கும் வருமா?' என்று பயப்படாதே. வழி 300 கிலோமீட்டருக்குக் குறையாது. அணைகளில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது கசடு அடியில் படிகிறது. பாறையில் மோதி ஓடும்போது ஆக்சிஜன் கலக்கிறது. ஆக்சிஜன் கிடைத்தால் பாக்டீரியாக்கள் சோப்பையும் சிதைத்துவிடும். பெல்லந்தூர்ச் சேற்றில் நடக்காத வேலை அது. வழியில் மற்ற ஓடைகளின் மழைநீரும் சேர்ந்து மிச்சத்தை நீர்க்கச் செய்கிறது. ஆனால் ஆலைக் கழிவில் வரும் உலோகங்களை எந்த பாக்டீரியாவாலும் தின்று தீர்க்க முடியாது. அவை எங்கேயாவது ஓரிடத்து வண்டலில் தங்கிக்கொண்டேதான் இருக்கும்.

மேலே நடப்பது கீழே வந்துசேரும் என்பதற்கு உனக்குச் சாட்சி வேண்டுமா? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒரு லட்சத்து 68 ஆயிரம் கனஅடி திறந்துவிட்டார்கள். பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்குள் நின்ற தண்ணீரை நீயே பார்த்திருப்பாய்.

இப்போது உனக்கு ஒரு வேலை. அடுத்த மழைக்கு உன் ஊர் ஏரியிலோ வாய்க்காலிலோ தண்ணீர் விழுகிற இடத்தில் நுரை தெரிந்தால், உடனே 'ஐயோ, சோப்பு!' என்று முடிவு கட்டிவிடாதே. இலைதழை அழுகிய தண்ணீரும் நுரைக்கும். அதில் ஊறி வரும் சில பொருள்களும் சோப்பு வேலையைச் செய்யும். அந்த நுரை பெரும்பாலும் பழுப்பாக இருக்கும். மண் வாசனை அடிக்கும். சோப்பு நுரை வெள்ளையாக இருக்கும். பல நேரம் சோப்பு வாசனை காட்டிக்கொடுத்துவிடும். பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. கரையிலேயே நின்று பார், தண்ணீரில் கையை விடாதே. நிறம், வாசனை, எவ்வளவு நேரம் உடையாமல் நிற்கிறது, மேலே எந்தத் தெருவின் சாக்கடை அதில் சேர்கிறது: நான்கையும் நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு. பாட்டிலைக் குலுக்கிக் குறித்த நிமிடக் கணக்கையும் மறக்காமல் சேர்த்துவிடு.