கல்யாண கேசட்டை மாற்றக் கொடுக்கும் முன்

திண்டுக்கல் மாவட்டம் கன்னிவாடி வட்டாரத்தில் 1990-களில் எடுத்த கல்யாண, காதுகுத்து வீடியோ கேசட்டுகளை இன்றும் பீரோவில் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் உண்டு. போட்டுப் பார்க்கத்தான் டெக் இல்லை. வி.சி.ஆர். தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாயும் 2016-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதனால் ஸ்டுடியோவில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றி வாங்குகிறோம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், தாலி கட்டும் கை அசையும்போது விரல் ஓரமெல்லாம் சீப்புப் பல்போலக் கோடு கோடாகப் பிரிந்து தெரிகிறது. அசையாத குத்துவிளக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது. “பழைய கேசட் என்றால் அப்படித்தான்” என்ற பதிலை நம்பாதீர்கள். இது கேசட்டின் கோளாறு அல்ல. மாற்றிய விதத்தின் கோளாறு.

கோடு ஏன் வருகிறது?

நம் நாட்டில் இருந்த ‘பால்’ (PAL) முறை வீடியோவில் நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாகப் பதிவானது: ஒரு பாதியில் ஒற்றைப்படை வரிகள், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகள். இதுதான் இன்டர்லேஸ். பழைய டியூப் டிவி இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியது. இரண்டையும் ஒட்டி ஒரே படமாகக் கணினியில் காட்டும்போது, அந்த இடைவெளியில் நகர்ந்த கை பிளந்து நிற்கிறது.

ஸ்டுடியோவில் என்ன கேட்க வேண்டும்?

- படத்தின் அளவை மாற்றும் முன்பே டீஇன்டர்லேஸ் (பாதிகளைக் கோடு தெரியாத முழுப் படங்களாக்குதல்) செய்ய வேண்டும். கோடுகளோடு பெரிதாக்கிவிட்டால் பிறகு சரிசெய்வது மிகக் கடினம்.
- எந்தப் பாதி முதலில் என்ற வரிசை சரியாக இருக்க வேண்டும். தவறினால் அசைவுகள் முன்னும் பின்னும் துள்ளும். ‘பால்’ முறை மினி டிவி (MiniDV) எனும் சிறிய டிஜிட்டல் கேசட்டில் கீழ்ப்பாதியே முதலில் வரும்.
- நொடிக்கு 50 முழுப் படங்களாக எடுத்தால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும்.
- 4:3 படத்தை அகலத்திரைக்கு இழுத்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். அதை அனுமதிக்காதீர்கள்.
- டீஇன்டர்லேஸ் செய்யாத மூல ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். ஒரு மணி நேர மினி டிவி கேசட்டுக்குச் சுமார் 13 ஜி.பி. ஆகும். அது கையில் இருந்தால் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளிலேயே திரும்பச் செய்துகொள்ளலாம்.

முழுத் தொகை கொடுக்கும் முன், தவில்காரரின் கை வரும் காட்சியைக் கணினியில் ஓடவிட்டுப் பாருங்கள். கோளாறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

உங்கள் உரிமை

காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலை சரியில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அதைத் தட்டிக்கேட்க வழிசெய்கிறது. ரசீது இல்லாமல் கேசட்டைக் கொடுக்காதீர்கள். எத்தனை கேசட், என்ன வேலை என்று அதில் எழுதி வாங்குங்கள். முதலில் எழுத்து மூலம் திருத்தித் தரக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இன்னொன்று: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கே உரியது என்கிறது 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு. உங்கள் வீட்டுக் கல்யாணத்தை உங்களைக் கேட்காமல் விளம்பரத்துக்குப் போட்டால் தட்டிக்கேளுங்கள்.

ஃபைல் நன்றாக வந்துவிட்டது என்பதற்காகக் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தவறாக மாற்றிய ஃபைலைத் திருத்த முடியாமல் போனால், அந்தக் கேசட் ஒன்றுதான் மறுவழி.